வசனத்தை ஐந்தாவதாக எழுதுங்கள்: மாணவர் குழுக்களுக்கான பத்து நிமிட நகைச்சுவை நாடக வழிகாட்டி

"குழுவாகச் சேர்ந்து ஒரு நகைச்சுவை நாடகம் போடுங்கள்" என்று வகுப்பில் சொன்னதும் நடப்பது எப்போதும் ஒன்றுதான். நன்றாக எழுதும் ஒரு பிள்ளை நோட்டைத் திறந்து "காட்சி 1" என்று எழுதி அடிக்கோடு போடும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தெரிந்த ஜோக்குகளைச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு பக்கம் சேர்ந்துவிடும். மேடையில் ஏறினால் முன்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகள் மட்டும் சிரிப்பார்கள், அதுவும் அண்ணன் ஒட்டுமீசை விழுந்ததற்கு.

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளி ஒன்றில் எட்டு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளோடு இந்த வேலையைப் பல முறை செய்து, பல முறை சொதப்பி, வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். இப்போது வசனம் எழுதுவது எங்களுக்கு ஐந்தாவது வேலை. அதற்கு முன்னால் நான்கு இருக்கின்றன: குழு பிரிப்பது, சூழலைப் பிடிப்பது, முடிவைத் தீர்மானிப்பது, நடித்துப் பார்ப்பது. இந்த வழிகாட்டி பொறுப்பாசிரியருக்கும், ஆசிரியர் இல்லாமல் தாங்களே போடும் குழுவுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழுவுக்கு ஒரு 80 பக்க நோட்டு. தனித்தாள் வேண்டாம், இரண்டாவது நாளே காணாமல் போகும். சாக்பீஸ், விநாடி முள் உள்ள கடிகாரம், பக்கத்து வகுப்பிலிருந்து சோதனைக்கு வந்து பார்க்கச் சம்மதித்த மூன்று பேர். இந்த மூன்று பேர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சொந்தக் குழுவுக்கு எல்லா ஜோக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு நான்கு பாடவேளை வீதம் மூன்று வாரம் போதும். தேதியை முதலிலேயே குறித்துவிடுங்கள். எங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஒத்திகை நடுவில் அறுந்துபோகும். ஆண்டு விழாவை ஒட்டி ஜனவரி, பிப்ரவரியில் வைப்பது நல்லது. இன்னொன்று: அப்பாவின் படகு கரைக்கு வரும் காலைகளில் தாமதமாக வரும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கிழமைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒத்திகையை மதியத்துக்கு மாற்றுங்கள். ஓர் ஆள் இல்லாத ஒத்திகையில் மற்ற ஐந்து பேரும் தவறான இடத்தில் நிற்கப் பழகிவிடுவார்கள்.

மேடையின் அகலத்தை அளந்து வாருங்கள். காலடியில் அளந்தாலும் போதும். அதே அளவுக்கு வகுப்பறைத் தரையில் சாக்பீஸ் கோடு போட வேண்டும்.

2. குழு பிரித்தல்

ஆறு பேர் சரியான எண். நான்கு பேர் என்றால் ஒருவர் விடுப்பு எடுத்தாலே நாடகம் நின்றுவிடும். எட்டுப் பேர் என்றால் இரண்டு பேருக்கு மரமாக நிற்பதுதான் வேலை.

நெருங்கிய நண்பர்கள் ஆறு பேரை ஒரே குழுவாக விட்டால் அவர்களுக்கு மட்டும் புரியும் கேலிகளால் நாடகம் நிறையும். சீட்டுக் குலுக்கிப் போட்டால் மூன்று நாள் கூச்சத்திலேயே போகும். நான் செய்வது இதுதான்: ஒவ்வொருவரும் ஒரே ஒரு தோழனையோ தோழியையோ தேர்ந்தெடுக்கட்டும். மூன்று இணைகளை நான் சேர்த்து வைப்பேன். அசடு வழிய ஒரு துணை இருக்கும், முழுக்குழுவும் ஒரே கூட்டாளிக் கூட்டமாகவும் ஆகாது.

எழுதுபவர், நேரம் பார்ப்பவர், பொருள்களுக்குப் பொறுப்பானவர், மறந்த வரியை எடுத்துக் கொடுப்பவர் என்று நான்கு வேலைகளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நான்கு பேரும் நடிக்கவும் வேண்டும். "நான் எழுத மட்டும் செய்கிறேன் சார்" என்பவரை விடாதீர்கள். நடிக்காதவர் எழுதும் வசனம் வாயில் நிற்காது.

3. சூழலைப் பிடித்தல்

இங்கேதான் முழு இரண்டு பாடவேளை செலவிட வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் எங்கேயும் ஈடுகட்ட முடியாது.

"நகைச்சுவையாக ஏதாவது யோசி" என்றால் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்ததை யோசிப்பார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. "உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு சின்னப் பொருளுக்காக நடந்த பெரிய சண்டையைச் சொல்" என்பேன். குடிநீர்க் குழாயடியில் தன் காலிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கே போய்விட்ட பெரியம்மா. சவூதியிலிருந்து விடுப்பில் வந்த வாப்பாவின் பெட்டி எப்போது திறக்கும் என்று நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள். கேட்டவுடன் வகுப்பே சிரிக்கும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அது நடந்திருக்கிறது.

கிடைத்ததை இந்த ஒரு வரியில் போட்டுப் பாருங்கள்: "இன்னாருக்கு இன்னது வேண்டும், ஆனால் இன்னார் விடமாட்டார்." இந்த வரி நிரம்பவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒரு ஜோக். அதை வைத்து ஒரு நிமிடம் ஓட்டலாம், பத்து நிமிடம் ஓட்ட முடியாது. இரண்டு பக்கமும் தன்னளவில் நியாயமாக இருக்க வேண்டும். தான் கோமாளி என்று ஒரு பாத்திரத்துக்குத் தெரிந்துவிட்டால் சிரிப்பு போய்விடும். கோயில் திருவிழா நாடகத்தில் பபூன் வேறு கணக்கு. அவர் நேராக நம்மோடு பேசுபவர், தனி ஆளாக ஒரு மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடும் பயிற்சி உள்ளவர். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வழி கஷ்டம்.

எங்கள் குழு ஒன்று போட்ட "டோக்கன்" நாடகத்தை இந்த வழிகாட்டி முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்கார அப்பா வீட்டில் இருக்கிறார். சும்மா இருக்க முடியவில்லை. வீட்டையே படகாக நினைத்து நடத்தத் தொடங்குகிறார். கடலுக்குப் போக மீன்வளத்துறையிடம் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வாங்குவதுபோல, இனி வாசல் தாண்ட வேண்டும் என்றாலும், கொல்லைப் பக்கம் போக வேண்டும் என்றாலும் அவரிடம் டோக்கன் வாங்க வேண்டும். அப்பாவுக்கு ஒழுங்கு வேண்டும், வீட்டார் விடமாட்டார்கள். ஒரே வரி.

இது எங்கள் ஊரில் எடுபட்டதற்குக் காரணம், டோக்கன் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கம் தேவைப்படும் சூழலை எடுத்தால் முதல் இரண்டு நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். அதே நாடகத்தைக் கடல் இல்லாத பரமக்குடிப் பக்கம் கொண்டுபோனால் எடுபடாமல் போகலாம். பார்க்கப் போகிறவர் யார் என்பதை இப்போதே கேளுங்கள்.

தெரிந்தவர்கள் முன்னால் போடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அப்பத்தா பாத்திரம் வானத்தைப் பார்த்து "வாடை அடிக்குது" என்று சொல்வதாகப் பிள்ளைகள் வைத்திருந்தார்கள். வாடை என்பது மழை, பனிக் காலத்து வடக்குக் காற்று. மே மாதத்தில் வாடை ஏது? அப்போது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. சோதனைக்கு வந்த மூன்று பேரில் ஒருவன் உடனே பிடித்துவிட்டான். அவன் பிடிக்காவிட்டால் விழாவில் அப்பாமார்கள் பிடித்திருப்பார்கள், தவறான இடத்தில் சிரித்திருப்பார்கள்.

எதை வைத்துச் சிரிக்கக் கூடாது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். சாதி, நிறம், உடல் பருமன், திக்குவாய், இதெல்லாம் கூடாது என்று பிள்ளைகளுக்கே தெரியும், இருந்தும் எழுதுவார்கள். "பைத்தியம்" பாத்திரம் ஒன்று எப்படியும் வரும். மனநோய் குணமாக வேண்டும் என்று ஆட்களை அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடி இருக்கும் மாவட்டம் இது. 2001-ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு இருந்தவர்கள் ஓட முடியாமல் இறந்ததைச் சொன்னால் அந்தப் பாத்திரத்தை அவர்களே அடித்துவிடுவார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், ஒரு குழு நடுக்கடலில் படகு பிடிபடுவதை வைத்து ஒரு காட்சி எழுதியது. எழுத்தில் நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். விழா அன்று நாலாவது வரிசையில் இருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து வெளியே போனது. அப்பா இலங்கைச் சிறையில் இருந்தார். அன்றிலிருந்து ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: "இது நடந்த வீட்டுப் பிள்ளை முன்வரிசையில் இருந்தால் நீ இதை நடிப்பாயா?"

4. முடிவை முதலில் முடிவு செய்தல்

நடுவில் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்கலாம். எங்கே முடியும் என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. மாணவர் நாடகங்கள் பெரும்பாலும் ஒரு பெரியவர் வந்து அறிவுரை சொல்லி முடியும். காரணம் அறிவுரையின் மேல் உள்ள பிரியம் இல்லை, முடிக்க வேறு வழி தெரியாததுதான்.

நல்ல வழி: யார் விதி போட்டாரோ, அவர் அந்த விதியிலேயே மாட்டட்டும். "டோக்கன்" நாடகத்தில் அப்பாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொல்லைக்குப் போக வேண்டும், டோக்கன் தீர்ந்துவிட்டது. கடைசி டோக்கன் அப்பத்தாவின் சுருக்குப் பையில் இருக்கிறது. அப்பத்தா நிதானமாக வானத்தைப் பார்த்து, காலையிலிருந்து அப்பா எல்லாரிடமும் சொன்ன அதே வரியைத் திருப்பிச் சொல்கிறார்: "கடல் சரியில்ல. டோக்கன் கெடையாது."

முடிவு தெரிந்தவுடன் முன்னால் என்ன விதைக்க வேண்டும் என்பது தானாக வரும். டோக்கன் பத்துதான் என்று முதல் காட்சியிலேயே அப்பா சத்தமாக எண்ண வேண்டும். அப்பத்தா ஒன்றை வாங்கிப் பையில் போட்டு மறந்துவிட்டதுபோல இருக்க வேண்டும். "கடல் சரியில்ல" என்ற வரி அதற்கு முன்னால் மூன்று பேருக்காவது சொல்லப்பட்டிருக்க வேண்டும். இரண்டு முறை போதாது, ஐந்து முறை என்றால் முடிவை யாரும் ஊகித்துவிடுவார்கள்.

5. நடித்துப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்

இப்போதும் நோட்டைத் திறக்காதீர்கள். மேசைகளை ஒதுக்கி, சூழலைச் சொல்லி, எழுந்து நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போக டோக்கன் கேட்கிறார், அப்பா கேள்வி கேட்கிறார், மூன்று நிமிடம். எழுதுபவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, சிரிப்பு வந்த வரிகளை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். பாத்திரங்களை மாற்றி இதையே மூன்று முறை செய்யுங்கள்.

காரணம் இதுதான்: பேனா கையில் இருந்தால் பிள்ளை புத்தகத் தமிழில் எழுதும், இல்லையென்றால் சினிமாவில் கேட்ட வேறு ஊர்ப் பேச்சில் எழுதும். எழுந்து நின்று சண்டை போடும்போது "அங்கிட்டுப் போகாத", "அவுக வந்தாகளா", "என்னத்தச் சொல்ல" என்று சொந்தப் பேச்சு வெளியே வரும். பாதி நகைச்சுவை அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. கீழக்கரைப் பிள்ளை "உம்மா" என்றே சொல்லட்டும், பொதுவாக இருக்கட்டும் என்று "அம்மா" ஆக்காதீர்கள்.

சினிமா வசனம், தெரிந்த நகைச்சுவை நடிகரின் குரல், மேடைப் பாடல்: மூன்றுக்கும் தடை. கைதட்டல் வரும்தான். அது அந்த நடிகருக்கு விழும் கைதட்டல்.

இரண்டாவது சுற்றில் பிடிவாதத்தை ஏற்றுங்கள். அம்மா தண்ணீருக்கு டோக்கன் கேட்பது சாதாரணம். மகன் புத்தகம் எடுக்க அடுத்த அறைக்குப் போக டோக்கன் கேட்பது அதைவிடக் கூடுதல். வாசலில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா, மீன் குழம்பு வாசம் பிடித்ததற்காக டோக்கன் வாங்க வேண்டும் என்பது உச்சம். படி மாறி வந்தால், அதாவது சித்தப்பா முதலில் வந்துவிட்டால், அம்மாவின் தண்ணீரில் யாருக்கும் சிரிப்பு வராது.

6. எழுதுதல்

இப்போது நோட்டைத் திறக்கலாம். குறித்து வைத்த வரிகளைச் சேர்த்துக் கோப்பதுதான் வேலை, பாதி எழுதியாகிவிட்டது. கையெழுத்தில் ஆறு பக்கம் தாண்டக் கூடாது. ஒரு பக்கத்தை வாசித்தால் ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் மேடையில் நடையும் தேடலும் சிரிப்பும் சேர்ந்து ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகும்.

சிரிக்க வைக்கும் சொல் வரியின் கடைசியில் இருக்க வேண்டும். எழுத்துத் தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்வதால் இதில்தான் அதிகம் இடறுகிறார்கள். "சோறு தயாரா?" என்று அப்பா கேட்கிறார். அம்மா சொல்ல வேண்டியதைப் பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "அரிசியாகத்தான் பானையில் இருக்கிறது." செத்த வரி. முதல் சொல்லிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது, மீதி மூச்சு வீண். பேச்சுத் தமிழ் சொற்களை இடம் மாற்ற விடும்: "இருக்கு. பானையில. அரிசியா." மூன்று சொல்லும் அப்பாவை ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டுக் கீழே தள்ளுகின்றன. ஒவ்வொரு சிரிப்பு வரியையும் சத்தமாகச் சொல்லி, கடைசிச் சொல் எது என்று பாருங்கள். "என்று சொன்னார்", "போல இருக்கிறது", "தெரியுமா" என்று முடிந்தால் வெட்டுங்கள்.

திரும்ப வரும் வரியில் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. "கடல் சரியில்ல. டோக்கன் கெடையாது" என்பதை ஒரு முறை "இன்னைக்குக் கடல் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டால் அப்பத்தாவின் கடைசி வரி பாதி பலம் இழக்கும். எழுதுபவர் அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைக்கட்டும்.

ஆண் பிள்ளைக்குச் சேலை கட்டி விடுவது பற்றி. முதல் நிமிடம் சிரிப்பு உறுதி. பிறகு பார்ப்பவர்கள் சேலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கதையைக் கேட்க மாட்டார்கள். ஆண்கள் பள்ளியில் அம்மா வேடத்துக்கு ஆள் வேண்டும்தான். குரலை மாற்றாமல், இடுப்பை ஆட்டாமல், தோளில் ஒரு துண்டோடு அம்மாவாக நின்றால் போதும். ஒரு நிமிடத்தில் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள்.

7. வெட்டுதல்

எழுதி முடித்த மறுநாள், எழுதியவரைத் தவிர வேறொருவர் பேனாவோடு உட்கார வேண்டும். எழுதியவருக்குக் கை வராது.

முதல் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். "வாங்க வாங்க", "உட்காருங்க", "காபி சாப்பிடுறீங்களா", "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா" எல்லாம் போகட்டும். நாம் பழகிய மரியாதை அது, அதனால் எல்லா மாணவர் நாடகமும் விருந்தினரை வரவேற்று, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துத் தொடங்குகிறது. "டோக்கன்" முதல் எழுத்தில் அப்பா காலையில் எழுந்து, பல் துலக்கி, தடைக்காலம் பற்றி அம்மாவிடம் பேசி, மூன்றாம் பக்கத்தில்தான் டோக்கன் வந்தது. கடைசியில் திரை விலகும்போதே அப்பா அட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்: "எட்டு... ஒன்பது... பத்து. இனிமே இதான் சட்டம்."

அடுத்து, சிரிப்பு வரும் வரிக்குப் பின்னால் அதை விளக்கும் வரி இருக்கும். அதையும் அடியுங்கள். சோதனை மூன்று பேரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எப்போது ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்து அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

8. பாத்திரம் ஒதுக்குதல்

எழுதும் முன் நடித்துப் பார்த்த கட்டத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் நடித்துப் பார்த்திருப்பார்கள், அதனால் சண்டை குறைவாகத்தான் இருக்கும். வகுப்பில் எப்போதும் சேட்டை செய்யும் பையனுக்கே முக்கிய வேடத்தைக் கொடுக்கும் பழக்கம் உண்டு. யோசித்துச் செய்யுங்கள். அவன் சிரிக்க வைக்க முயற்சி செய்வான். "டோக்கன்" அப்பாவாக நடித்தது கணக்கில் நூறு வாங்கும், முகத்தில் சிரிப்பே வராத ஒரு பெண்பிள்ளை. அந்தக் கண்டிப்புதான் வேடத்துக்கு வேண்டியிருந்தது.

9. ஒத்திகையின் வரிசை

முதலில் வாய் திறக்காமல் முழு நாடகத்தையும் நடந்து பாருங்கள். யார் எங்கிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் போகிறார். இதைச் செய்யாமல் வசனத்தோடு தொடங்கினால் எல்லாரும் மைக் முன்னால் வரிசையாக நின்றுவிடுவார்கள், உறுதிமொழி எடுப்பதுபோல.

அடுத்து நோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடப்பது. பிறகு நோட்டு இல்லாமல். மனப்பாடம் செய்யும்போது தன் வரியை மட்டும் படிக்கும் பிள்ளை மேடையில் மாட்டிக்கொள்ளும். தனக்கு முன்னால் பேசுபவரின் கடைசி மூன்று சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்து, பந்தை எறிந்தபடி பேசிப் பழகுங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் கண் பேசுபவரையும் பார்க்கும், கேட்பதும் நடிப்புதான் என்பது அதில் புரிந்துவிடும்.

நோட்டு இல்லாமல் வந்ததும் ஒரு முறை இரட்டை வேகத்தில் ஓட்டுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே வரி மனதில் இறங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

உடை கடைசி நாளுக்கு இருக்கட்டும். கையில் பிடிக்கும் பொருள் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும், மாற்றுப் பொருளாக இருந்தாலும் சரி. அப்பத்தா சுருக்குப் பையின் கயிற்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மேடையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கக் கூடாது.

10. சிரிப்புக்கு இடம் விடுதல்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். கூட்டம் சிரிக்கும்போதே அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள், அது யார் காதிலும் விழாது. இரண்டு முறை இப்படி நடந்தால் கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கத் தொடங்கும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் சிரிக்காது.

சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், பாதியாக இறங்கும்போது பேசுங்கள். முழுக்க அடங்கும் வரை காத்திருந்தால் வேகம் செத்துப்போகும். காத்திருக்கும் அந்த நேரத்தில் சிலையாக நிற்கக் கூடாது, கையில் உள்ள வேலையைத் தொடர வேண்டும்: அப்பா அட்டையை மறுபடி எண்ணலாம்.

இதைப் பழக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒத்திகையில் நான் நினைத்த இடத்தில் ஐந்து விநாடி கை தட்டுவேன். தட்டும்போது பேசினால் காட்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று நாளில் பழகிவிடும். நேர்மாறாக, சிரிப்பை எதிர்பார்த்து நின்ற இடத்தில் சிரிப்பு வராமல் போவதும் உண்டு. அங்கே நிற்காமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

நடிப்பவருக்கே சிரிப்பு வந்தால்? எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பார்க்கச் சொல்வேன். ஓரளவு உதவும்.

11. மேடை, மைக், காற்று

திறந்தவெளி மேடை என்றால் காற்று வரும் பக்கத்தில் மேடை இருக்கட்டும், காற்று நடிப்பவரின் முதுகிலிருந்து பார்ப்பவரை நோக்கி வீச வேண்டும். அப்போது குரலும் அந்தப் பக்கமே போகும். ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பந்தல்காரர் வழக்கமான இடத்தில் மேடையைப் போட்டுவிட்டுப் போகும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

மைக்கில் காற்று புகுந்தால் கரகரவென்று இரையும். பஞ்சு உறை இல்லையென்றால் கைக்குட்டையை ஒரே மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள். ஸ்டாண்ட் மைக் இரண்டு இருந்தால் மேடை முன்விளிம்பில் இடமும் வலமுமாக வைத்து, முக்கியமான வரி வரும் இடங்களில் தரையில் சாக்பீஸ் குறி போடுங்கள். கையில் பிடிக்கும் மைக் நகைச்சுவைக்கு எமன். ஒரு கை போய்விடும், அதை ஆளுக்கு ஆள் கைமாற்றுவதிலேயே வேகமும் போய்விடும். அதற்குப் பதில் மைக் இல்லாமல் வகுப்பறையில் நாற்பது பேருக்குப் போடுவது மேல்.

காகிதப் பொருள் எதுவும் வேண்டாம். எங்கள் டோக்கன்கள் முதல் தடவை நோட்டுத் தாளில் இருந்தன. அப்பா "பத்து" என்று எண்ணி முடிக்கும் முன்பே ஏழு டோக்கன் பார்வையாளர் மடியில். அட்டைப்பெட்டியில் வெட்டி, ஒரு சாண் அளவுக்குப் பெரிதாகச் செய்த பிறகு பறக்கவும் இல்லை, கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

12. நாடக நாள்

சாயங்கால விழா என்றால் நான்கு மணிக்கு ஏதாவது சாப்பிட வையுங்கள். பசியோடு நடிப்பவர் வேகமாகப் பேசுவார்.

திரை இல்லாத மேடையில் தொடக்கமும் முடிவும் குழம்பும். தொடங்கும்போது எல்லாரும் தத்தம் இடத்தில் அசையாமல் நின்று, மனதுக்குள் மூன்று எண்ணித் தொடங்க வேண்டும். கடைசி வரி முடிந்ததும் அப்படியே உறைந்து மூன்று எண்ணிய பிறகுதான் கைகூப்ப வேண்டும். கடைசி வரியைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் மேடையை விட்டு ஓடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அப்பத்தா "டோக்கன் கெடையாது" என்று சொன்ன பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தானே எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்!

வரி மறந்துபோனால் மறந்தவர் எதுவும் செய்ய வேண்டாம். எதிரில் இருப்பவர் பாத்திரமாகவே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "என்னங்க, எண்ணிக்கை விட்டுப்போச்சா?" இந்த மாதிரி இரண்டு கேள்விகளை ஒவ்வொருவரும் முன்பே தயாராக வைத்திருக்கட்டும். மின்சாரம் போனால் நிறுத்தாமல் தொடருங்கள், முன்வரிசைக்காவது கேட்கும்.

எடுத்துக் கொடுப்பவர் நோட்டின் ஓரத்தில் ஒரு வேலை செய்ய வேண்டும்: சிரிப்பு வந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு டிக், பெரிய சிரிப்புக்கு இரண்டு. அன்று இரவே குழு அதைப் பார்க்க வேண்டும், மறுநாள் என்றால் கைதட்டல் மட்டும்தான் நினைவில் இருக்கும். "டோக்கன்" நோட்டில் நாங்கள் பெரிதாக நம்பியிருந்த சித்தப்பா காட்சிக்கு ஒரே ஒரு டிக். வசனமே இல்லாத ஓர் இடத்தில், அப்பத்தா சுருக்குப் பைக்குள் டோக்கனைத் தேடி, வெற்றிலை, சில்லறை, மூக்குப்பொடி டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும் இடத்தில், மூன்று. அடுத்த மாதம் பக்கத்து ஊரில் மறுபடி போட்டபோது சித்தப்பா காட்சியில் பாதியை வெட்டினோம். தேடலுக்குப் பைக்குள் ஒரு பாக்குவெட்டியும் சேர்ந்தது.